மூக்கு பெரிதாகிப்போன பாஸ்போர்ட் படம்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெள்ளைச் சுவர் முன்னால் நின்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். சிரிக்கவில்லை. சொன்ன அளவுக்கே வெட்டித்தான் அனுப்பினேன். முகத்தின் விகிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் முகத்தின் விகிதம் என்னைவிட அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

படத்தையும் இணைத்திருந்தார். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. வலது தோள் மட்டும் லேசாகத் தூக்கியிருக்கிறது. கையை நீட்டி, போனின் முன்பக்கக் கேமராவில் தானே எடுத்த படம். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பின்னணி சுத்தமாக இருக்கிறது, பார்வை நேராக இருக்கிறது. தூரம் மட்டும்தான் தப்பு.

பாஸ்போர்ட் படம் என்பது உண்மையில் ஓர் அளவெடுப்பு. தையல்காரர் அளவெடுக்கும்போது "நிமிர்ந்து நில்லுங்க, கையைத் தளர்த்தி விடுங்க" என்பார். நாம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல, நாடா சரியான எண்ணைக் காட்ட வேண்டும் என்பதற்காக. சிரிக்காதே, தலையைச் சாய்க்காதே, முடியைக் கண்ணில் விடாதே என்ற விதிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஓர் அளவு கெட்டுப்போகாமல் காக்கும் நோக்கம் இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் படம் ஒட்டும் பழக்கமே முதல் உலகப் போரின்போதுதான் பரவியது. 1914-ல் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி, ஓர் அமெரிக்கரின் பெயரிலிருந்த பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் நுழைந்தார். அதில் படம் கிடையாது. பெயரைச் சொன்னால் நம்ப வேண்டியதுதான். அவர் பிடிபட்ட பிறகு நாடுகள் அடுத்தடுத்துப் படத்தைக் கட்டாயமாக்கின. இன்று எல்லா நாட்டு விதிகளுக்கும் அடிப்படையாக இருப்பது, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் 9303 என்ற எண்ணுள்ள ஆவணம். படத்தின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகள் 35-க்கு 45 மி.மீ. கேட்கின்றன, அமெரிக்கா 51-க்கு 51 கேட்கிறது. படம் எதற்குப் பயன்படப்போகிறது என்பது மட்டும் எங்கும் ஒன்றே.

எதற்கு என்றால், விமான நிலையத்தின் தானியங்கி வாயிலில் நம்மை அடையாளம் காண்பதற்கு. பாஸ்போர்ட்டில் உள்ள சில்லுக்குள் நம் படம் படமாகவே பதிந்திருக்கிறது. வாயிலில் இருக்கும் கேமரா நம்மைப் புதிதாக ஒரு படம் எடுக்கிறது. கணினி இரண்டு படங்களிலும் முதலில் கண்களைத் தேடுகிறது. கண்டுபிடித்ததும், இரண்டு கண்களும் ஒரே கிடைமட்டத்தில், ஒரே இடைவெளியில் வரும்படி படத்தைத் திருப்பி, பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பொருத்துகிறது. பிறகு நரம்பியல் வலைப்பின்னல், அதாவது ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், ஒவ்வொரு முகத்தையும் ஓர் எண் வரிசையாக மாற்றுகிறது. 2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற முக அறியும் முறை ஒரு முகத்துக்கு 128 எண்களைப் பயன்படுத்தியது. இரண்டு வரிசைகளும் நெருக்கமாக இருந்தால் கதவு திறக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது கண்களின் இடம். கண்ணுக்குக் கண் உள்ள இடைவெளிதான் மற்ற எல்லாவற்றுக்கும் அளவுகோல். இதை வைத்துக்கொண்டு தூரத்தின் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றை இன்னொரு கண்ணிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளியும், மற்றொன்றை அதற்கும் அரைச் சாண் பின்னால் சற்று விலக்கியும் பிடியுங்கள். முன்னால் இருப்பது பளிச்சென்று பெரிதாகத் தெரியும். இப்போது நாணயங்களை வேறு யாரிடமாவது கொடுத்து, அதே அரைச் சாண் இடைவெளியில் பிடித்துக்கொண்டு அறையின் மறுகோடியில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். நாணயங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறவில்லை. நமக்கும் அவற்றுக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி பொருட்டே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

முகமும் இப்படி முன்னும் பின்னும் நிற்கும் நாணயங்களின் வரிசைதான். மூக்கு நுனி முன்னால் இருக்கிறது. அதற்குச் சுமார் 3 செ.மீ. பின்னால் கண்கள். சுமார் 12 செ.மீ. பின்னால் காதுகள். ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது அதன் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கேமராவை மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் கண்கள் 33-லும் காதுகள் 42-லும் இருக்கின்றன. கண்களை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், மூக்கு 10 சதவீதம் பெருத்துவிட்டது. காதுப் பக்கம் 21 சதவீதம் சுருங்கிவிட்டது. கேமராவை ஒன்றரை மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். அதே கணக்கில் மூக்கு 2 சதவீதம்தான் பெருக்கிறது, காதுப் பக்கம் 6 சதவீதம்தான் சுருங்குகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பந்தை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தால் அதன் பாதிப் பரப்புகூடக் கண்ணில் படாது; விளிம்புகள் வளைந்து பின்னால் ஒளிந்துகொள்ளும். தள்ளிப் போகப் போகத்தான் ஏறக்குறையப் பாதி தெரியும். தலையும் உருண்டைதான். அதனால் செல்ஃபியில் காதுகள் சிறுத்துப்போவதோடு நிற்காமல், கன்னத்துக்குப் பின்னால் மறைந்தும்விடுகின்றன. முகம் முன்பக்கம் குவிந்து, பக்கவாட்டில் ஒடுங்கிவிடுகிறது.

இதை நானே செய்து பார்த்தேன். ஒரே சட்டை, ஒரே ஜன்னல் வெளிச்சம். ஒரு படம் கை நீட்டி எடுத்தது. இன்னொன்று, போனை அலமாரித் தட்டில் வைத்து, டைமர் போட்டு, இரண்டடி எடுத்து வைத்துப் பின்னால் போய் நின்று எடுத்தது. கணினியில் கண்ணின் மேல் கண் சரியாக உட்காரும்படி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மாற்றி மாற்றிக் காட்டச் செய்தேன். கண்கள் அசையவில்லை. அவற்றைச் சுற்றி முகம் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கியது. மூக்குத் துளைகள் அகன்று ஒடுங்கின, நெற்றியின் மேல்விளிம்பு ஏறி இறங்கியது, இடது காது வருவதும் போவதுமாக இருந்தது. என் முகம்தான் என்று எனக்குத் தெரிந்தும், இரண்டு அண்ணன் தம்பிகளைப் பார்ப்பது போலிருந்தது.

முக அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் இது கவலையாகிவிட்டது. செல்ஃபியைக் காட்டி, மூக்கைச் சிறிதாக்குங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதைக் கணக்கிட்டது. 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், முகத்தின் அகலத்தோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. 5 அடிக்குப் போனால் மாற்றம் தெரியவில்லை.

லென்ஸின்மேல்தான் பலரும் பழியைப் போடுகிறார்கள். 'அகலக் கோண லென்ஸ் முகத்தைக் கெடுத்துவிட்டது' என்பார்கள். கெடுப்பது தூரம்தான். முகம் படத்தின் நடுவில் இருக்கும்வரை, ஒன்றரை மீட்டரிலிருந்து அதே லென்ஸில் எடுத்து, நடுவில் உள்ள முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால், விகிதம் சரியாகவே இருக்கும். வெட்டுவதால் விகிதம் மாறாது. அப்படியென்றால் படம் தெளிவாக இருக்குமா? கண்ணுக்குக் கண் குறைந்தது 90 பிக்சல் வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ. கணக்கு. சாதாரண 12 மெகாபிக்சல் போனின் பின்பக்கக் கேமராவில், ஒன்றரை மீட்டரிலிருந்து ஜூம் இல்லாமல் எடுத்தாலும் சுமார் 120 பிக்சல் கிடைத்துவிடும். போனில் ஜூமுக்கென்று தனி லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்ற பழமொழி மனநிலையைப் பற்றியது. மகிழ்ச்சியும் கவலையும் முகத்தில் தெரியத்தான் செய்யும். ஆனால் மூக்கின் பருமனையும் நெற்றியின் அகலத்தையும் வைத்து ஒருவரின் குணத்தையும் நேர்மையையும் சொல்லலாம் என்ற மூடநம்பிக்கை, இப்போது செயற்கை நுண்ணறிவுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்க முகப்படத்தை ஆராயும் மென்பொருள்கூட விற்கிறார்கள். ஓரடி பின்னால் நகர்ந்தால் மாறிவிடும் ஒரு விகிதத்தில் ஒரு மனிதரின் குணம் எழுதியிருக்கிறது என்பதை நான் ஒருக்காலும் ஏற்கமாட்டேன். இன்னார்தானா என்று சரிபார்ப்பது வேறு, இவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்வது வேறு.

அடுத்தது வெளிச்சம். வெள்ளைப் பின்னணி விதியில் ஒரு பொறி இருக்கிறது. கேமரா தன் முன்னால் உள்ள காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படச்சட்டம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால், 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து மொத்தப் படத்தையும் மங்கலாக்கிவிடும். சுவர் சாம்பலாகும், முகம் இருண்டுபோகும். மாநிறமும் கறுப்பு நிறமும் உள்ளவர்களுக்கு இதில்தான் அதிக பாதிப்பு; கண்ணோரமும் மூக்கோரமும் நிழலில் கரைந்துவிடும். திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டுவிட்டு எடுத்தால், கேமரா முகத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். சுவரை ஒட்டி நிற்காமல் ஓரடியாவது முன்னால் வந்து நின்றால் தலையின் நிழலும் சுவரில் விழாது. அது விழுந்தால், முடி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கணினி குழம்பும்.

2016-ல் நியூசிலாந்தில், ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவர் இணையத்தில் ஏற்றிய பாஸ்போர்ட் படத்தை, 'கண்கள் மூடியிருக்கின்றன' என்று மென்பொருள் நிராகரித்தது. கண்கள் திறந்துதான் இருந்தன. முகத்தில் வெளிச்சம் சீராக விழாததே காரணம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அதோடு விஷயம் முடியவில்லை. 2019-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 189 முக அறியும் அல்காரிதங்களைச் சோதித்தது. ஒருவரை இன்னொருவர் என்று தவறாக ஏற்கும் பிழை, பல அல்காரிதங்களில் சில இன மக்களுக்கு 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக இருந்தது. சீனாவில் உருவான பல அல்காரிதங்களிலோ கிழக்காசிய முகங்களுக்கு அந்தக் குறை குறைந்திருந்தது. எந்த முகங்களைக் காட்டிப் பயிற்சி கொடுக்கிறோமோ, அந்த முகங்களில்தான் இயந்திரம் தேறுகிறது. இப்படிச் சோதித்து உண்மையை வெளியே சொல்ல, விற்பவரின் பணத்தில் நடக்காத ஆய்வுக்கூடம் வேண்டும். வாயிலில் இயந்திரம் வைக்கும் ஒவ்வொரு அரசும், தன் மக்களின் முகங்களில் அது எவ்வளவு தவறுகிறது என்று சோதிப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். இயந்திரம் வாங்கக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்கு போதும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சிரித்தால் வாயோரம் விலகும், கன்னம் ஏறும், கீழிமை உயர்ந்து கண் குறுகும். வாயிலில் யாரும் அதே சிரிப்போடு வந்து நிற்பதில்லை. மூக்குக்கண்ணாடி அளவுகோலான கண்களிலேயே கைவைக்கிறது: ஒளி பட்டு மின்னும், சட்டகம் இமையை மறைக்கும். கிட்டப்பார்வைக் கண்ணாடி என்றால், அதற்குப் பின்னால் கண் சிறுத்துத் தெரியும். அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் பாஸ்போர்ட், விசா படங்களில் கண்ணாடியே கூடாது என்றுவிட்டது. வெள்ளைச் சட்டை வேண்டாம். தோள் சுவரோடு கலந்துவிடும்.

படத்தைத் திருத்துவது பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அழகு வடிகட்டி தோலை வழுவழுப்பாக்குவதோடு நிற்காது, பல போன்களில் தாடையையும் கண்ணையும்கூட மாற்றிவிடும். முன்பக்கக் கேமரா சில போன்களில் படத்தை இடம் வலமாகத் திருப்பிச் சேமிக்கும். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விடும். அதிகாரிகள் கறாராக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014-ல் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு பேரின் முகங்களைக் கணினியில் கலந்து உருவாக்கிய ஒரே படம், இருவரோடும் பொருந்துகிறது என்று மென்பொருள் ஏற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். ஒரு பாஸ்போர்ட், இரண்டு ஆட்கள். அதனால்தான் சில நாடுகள் கொண்டுவரும் படத்தை வாங்காமல், அலுவலகத்திலேயே எடுத்துக்கொள்கின்றன.

சரி, அந்த வாசகி என்ன செய்ய வேண்டும்? போனை இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவை உங்கள் கண்மட்டத்தில் பிடிக்கட்டும். பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது காது மடலையும் சேர்த்து அழித்துவிடும். ஜன்னலுக்கு எதிரே முகம் காட்டி நில்லுங்கள். எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: ஆறு மாதக் குழந்தைக்கு எப்படி எடுப்பது? வெள்ளைத் துணி விரித்து மல்லாக்கப் படுக்க வைத்து மேலிருந்து எடுக்கலாம். குழந்தை என்றதும் எல்லோரும் குனிந்து, முகத்துக்கு நேரே போனை நீட்டிவிடுகிறோம். அங்கேயும் அதே மூக்குக் கணக்குதான், நம் நிழலும் குழந்தையின்மேல் விழும். தரையில் படுக்க வைத்து, நீங்கள் நின்றபடியே, போனை நெஞ்சு உயரத்தில் இரு கைகளாலும் பிடித்து எடுங்கள். தலைக்கு இரு பக்கமும் துணி சுருங்காமல் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். குழந்தை உங்களைப் பார்க்கும் அந்த நொடிக்காக, இருபது முப்பது படங்களாவது எடுக்க வேண்டியிருக்கும்.