லோப்புரியில் குரங்கு கீறினால் ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்

போன வாரம் முன்கையில் மஞ்சள் பத்தோடு ஒரு அம்மா வந்தார். கணவரோடு தாய்லாந்து டூர் போய்விட்டு வந்தவர். பத்தைக் கழுவிப் பார்த்தால் இரண்டு நீளக் கீறல், பக்கத்தில் ஒரு சின்னப் பல் தடம். "லோப்புரி கோயில்ல குரங்கு கையைப் பிடிச்சிடுச்சு டாக்டர், கடிக்கல்லாம் இல்ல" என்றார். எப்போது என்று கேட்டேன். ஒன்பது நாள் ஆகிறதாம். அங்கே கைடு தைலம் தடவிவிட்டாராம், இங்கே மாமியார் மஞ்சள் வைத்தாராம். அன்றைக்கு என்னிடம் வந்ததுகூட சுகர் மாத்திரை எழுதி வாங்கத்தான்.

இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

லோப்புரிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே போயிருக்கிறேன். பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர், அயுத்தயாவைத் தாண்டிப் போகும் அதே ரயில் பாதை. பிரா பிராங் சாம் யோட் என்ற மூன்று கோபுரக் கோயில் செம்புரைக்கல்லில் கட்டப்பட்டது. ஏறக்குறைய 800 வருடம் பழைய கெமர் (கம்போடியப் பேரரசு) வேலை. நாராய் மன்னர் (நம் நாராயணன் என்ற பெயர்தான்) 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனையும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை ராமர் மகன் லவனோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ராமர் இந்த ஊரை அனுமனுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்றும் அங்கே ஒரு கதை உண்டு.

வம்பே இந்தக் கதையில்தான் ஆரம்பிக்கிறது. நம் ஆட்கள் அதைக் கேட்டதும் வாழைப்பழத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். "ஆஞ்சநேயர் அம்சம், ஒண்ணும் ஆகாது" என்று என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்கள். வடைமாலை சாத்துகிற குடும்பம்தான் நானும். ஆனால் பக்தி வேறு, பல் வேறு. குரங்கு பாலூட்டி. ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், எந்தப் பாலூட்டிக்கும் வரலாம். குரங்குக்கு வருவது நாயைவிட அரிது, உண்மைதான். ஆனால் நாய்களோடு ஒரே தெருவில் வாழ்கிற குரங்கை எந்த நாய் எப்போது கடித்தது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? நோய் அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதனால் "அரிது" என்ற வார்த்தையை நம்பி ஊசியைத் தள்ளிப்போட முடியாது.

"நகம்தானே பட்டது" என்பது அடுத்த வாதம். குரங்கு அந்த நகத்தைத்தான் நாள் முழுக்க வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பு மருந்து) போட வேண்டும். இன்னொன்று, "பத்து நாள் பார்ப்போம், குரங்கு உயிரோடு இருந்தால் சரி" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் உங்களைக் கீறிய குரங்கு எது என்று எப்படி அடையாளம் காட்டுவீர்கள்?

தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்த மருந்தை நம் நாட்டில் நிறுத்தி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறோம். நம் அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடுகிறார்களே, அந்த முறைக்கே தாய் செஞ்சிலுவை முறை என்றுதான் பெயர். பாங்காக்கில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சாவோபா ராணி நினைவு நிறுவனம் இதற்கென்றே பேர்போன இடம். அந்த நாட்டிலேயே கடி வாங்கிக்கொண்டு, மருந்துக்கு இங்கே விமானம் ஏறி வருகிறார்கள். சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, போகிறவர்கள் கேளுங்கள். கையில் தின்பண்டம், சரசரக்கிற பிளாஸ்டிக் பை வேண்டாம். கண்ணாடியையும் தொங்கட்டானையும் கழற்றிப் பைக்குள் வையுங்கள். குழந்தையின் கையில் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து. பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், இழுபறியில்தான் நிறையக் கடிகள். தோளில் ஏறினால் கத்தாமல் மெதுவாக நடங்கள். அதைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்காதீர்கள். குரங்கு அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம். 2024இல் நிறையக் குரங்குகளைப் பிடித்து அடைத்தார்கள் என்பதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். அந்த நவம்பரில் சுமார் 200 தப்பித்து வந்து காவல் நிலையத்தையே வளைத்துக்கொண்டன.

பட்டுவிட்டதா? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நம் ஆட்களின் 15 நிமிடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, தைலம், கட்டு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அங்கேயே முதல் ஊசி போட்டுவிட்டு, மருந்தின் பெயரும் தேதியும் உள்ள சீட்டைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மீதியை இங்கே தொடரலாம். டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்று என்று வந்து நிற்காதீர்கள், அது வேறு நோய்க்கு. நாள் தப்பிவிட்டாலும் வெட்கப்படாமல் வாருங்கள், அப்போதும் போடத்தான் செய்வோம்.

அந்த அம்மாவுக்கு ஆறிப்போன தழும்பைச் சுற்றித்தான் இம்யூனோகுளோபுலின் போட்டேன். நன்றாகவே வலித்திருக்கும். நேற்று ஏழாம் நாள் ஊசிக்கு வந்தபோது போனில் அந்தப் படத்தைக் காட்டினார். பின்னால் மூன்று கோபுரம், தோளில் குரங்கு, அதன் முகத்துக்கு நேராக இவர் வாய்கொள்ளாச் சிரிப்பு. 28ஆம் நாள் ஊசிக்கான தேதியை அவர் கணவரின் போனில் அலாரமாக வைத்துத்தான் அனுப்பினேன்.