கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர்

சில வருடங்களுக்கு முன்பு, ஆர்க்கிடெக்டாக நான் வரைந்து கொடுத்த ஒரு வீட்டில் மாடித் தளம் போடும் நாள். காலை ஏழு மணிக்குப் போனேன். சென்ட்ரிங் தகட்டின் மேலேயே கம்பி படுத்துக் கிடந்தது. கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக் ஒன்றுகூட இல்லை. அங்கங்கே ஜல்லியைச் செருகியிருந்தார்கள். சாதாரண இடங்களில்கூடத் தளத்துக் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அது இல்லையென்றால் ஈரம் எளிதாகக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

நிறுத்தச் சொன்னேன். "ரெடிமிக்ஸ் லாரி கிளம்பிடுச்சு சார், ரெண்டு மணி நேரத்துல இறக்கியாகணும்" என்றார் ஒப்பந்தக்காரர். வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பணம் ஒப்பந்தக்காரர் கையில் இருந்தது, என் பொறுப்போ வரைபடத்தோடு முடிந்திருந்தது. கான்கிரீட் போட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் கட்டும் பொறுப்பையும் நானே ஏற்கத் தொடங்கினேன்.

'பிளான் இலவசம், சதுரடிக்கு இவ்வளவு' என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வதும் வடிவமைப்பு, கட்டுமானம் இரண்டும் ஒரே இடத்தில் என்ற ஏற்பாடுதான். ஆனால் அங்கே வரைபவர் ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குபவர். எதைக் குறைத்தால் லாபம் என்பதை ஒட்டித்தான் அவர் பேனா ஓடும். ஆர்க்கிடெக்ட் தலைமை ஏற்றால் என்ன ஆகும் என்பதற்கு, மறைந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டியவற்றைப் போய்ப் பாருங்கள். தானே பழக்கிய கொத்தனார்களோடு வேலை நடக்கும் இடத்திலேயே நின்று கட்டியவர் அவர். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அவர் கட்டிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கல் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சம். பொருள் செலவில் விழுக்காடு வைத்துச் சம்பாதிப்பவருக்கு அந்த மிச்சம் நஷ்டம். அவர் ஏன் அதைச் சொல்லப் போகிறார்?

ஆனால் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. நான் கட்டத் தொடங்கினால், என் வேலையை யார் சரிபார்ப்பது? கண்காணிக்க வேண்டியவனே பில் போடுகிறான். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்: ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நீங்களே நியமியுங்கள், பணத்தை நீங்களே கொடுங்கள். அவர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்து போடாமல் கான்கிரீட் கிடையாது. சிமென்ட், கம்பி, டைல்ஸ் பில் எல்லாம் உங்கள் பெயரில் வரட்டும். என் கட்டணம் முன்கூட்டியே பேசிய ஒரே தொகை. நீங்கள் விலை கூடிய டைல்ஸ் எடுத்தால் எனக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வராது. என் கட்டணத்தில் ஒரு பகுதியை, வீடு ஒரு மழைக்காலம் தாண்டும்வரை பிடித்து வையுங்கள். யாரிடம் போனாலும் இவற்றைக் கேளுங்கள். கூடவே கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவு எண்ணையும் கேளுங்கள். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

போன மாதம் ஒரு தளம் போட வேண்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரியே போன் செய்தார்: "கவர் பிளாக் பத்தலை சார், லாரியை நாளன்னைக்கு வரச் சொல்லிடுங்க." சொல்லிவிட்டேன். வேலை நின்ற அந்த ஒரு நாள் கூலி என் கணக்கில் போனது.