சிறிய ரைஃபிள், பெரிய உதைப்பு: தோட்டாவின் பெயர் சொல்லாத கணக்கு

யானைத் தோட்டா போடும் கனத்த ரைஃபிளை வாங்குபவர் உதைப்பை எதிர்பார்த்தேதான் வாங்குகிறார். நின்று சுடுகிறார், நாலைந்து தோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறார். புருவத்தில் வெட்டு, தோளில் நீலம் பாய்ந்த தழும்பு, கன்ன எலும்பில் வலி என்று வருபவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. .308 வின்செஸ்டர் போன்ற நடுத்தரத் தோட்டா போடும் எடை குறைந்த மலைவேட்டை ரைஃபிள், பழைய ராணுவ கார்பைன் (குட்டைக் குழல் ரைஃபிள்), .45-70 தோட்டாவைக் கீழ்க்கைப்பிடியை இயக்கி ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ஆகியவைதான் அதிகம். "இது சாதாரணத் தோட்டாதானே, ஏன் இப்படி அடிக்கிறது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தோட்டாவின் பெயரில் பாதி விடைதான் இருக்கிறது. மீதிப் பாதி ரைஃபிளின் எடையிலும், தோளில் பதியும் பின்பகுதியான கட்டையின் வடிவத்திலும் இருக்கிறது.

முதலில் எடை. குண்டும் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னால் கொண்டுபோகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் ரைஃபிளைப் பின்னால் தள்ளும். .308-இல் வழக்கமான தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு 9.7 கிராம், அதன் வேகம் வினாடிக்கு 860 மீட்டர், மருந்து ஏறத்தாழ 2.9 கிராம். வாயு வெளியேறும் வேகத்தைச் சுமார் 1200 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3.4 கிலோ ரைஃபிள் வினாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. ஆற்றல் சுமார் 20 ஜூல். இதே தோட்டாவை 2.5 கிலோ ரைஃபிளில் போட்டால் வேகம் 4.7 மீட்டர், ஆற்றல் 28 ஜூல். தோட்டா மாறவில்லை, பெட்டியில் எழுதியிருப்பதும் மாறவில்லை. தோளுக்கு வருவது மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது.

புதிதாகச் சுடுபவருக்கு 20 ஜூலுக்குள் இருப்பது நல்லது என்பது பயிற்சியாளர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல். ஆற்றலைப் போலவே பின்வரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். வினாடிக்கு நாலரை மீட்டரைத் தாண்டினால் அது தள்ளல் போல இருக்காது, குத்து போல விழும். மேலே சொன்ன இலகு ரைஃபிள் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. கனத்த ரைஃபிளில் அதே 28 ஜூல் வந்தாலும் மெதுவாக வருவதால் உடம்பு ஏற்றுக்கொள்கிறது. எடை குறைந்ததில் ஏற்றுக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை.

மேக்னம் எனப்படும், மருந்து அதிகமுள்ள வலுவான தோட்டாக்களில் மருந்தின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 11.7 கிராம் குண்டுக்குப் பின்னால் நாலரை கிராமுக்கு மேல் மருந்து இருக்கும். மொத்த உதைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த மருந்தால் மட்டுமே வருவது. ஆகவே இலகுவான குண்டுக்கு மாறினால் உதைப்பு நிறையக் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குண்டோடு மருந்தும் குறைந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

.45-70-இல் சிக்கல் வேறு. 1873-ஆம் ஆண்டுத் தோட்டா அது. பழைய துப்பாக்கிகள் தாங்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலைத் தோட்டாக்களின் அழுத்த வரம்பைக் குறைவாகவே, சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டாக, வைத்திருக்கிறார்கள். நவீன லீவர் ஆக்‌ஷனுக்கு மட்டும் என்று எச்சரித்து விற்கப்படும் கடுந்தோட்டாக்களும் அதே அளவில், அதே பெயரில் இருக்கின்றன. 3.2 கிலோ ரைஃபிளில் முதல் வகை 30 ஜூலை ஒட்டி வரும், இரண்டாவது வகை 60 ஜூலைத் தாண்டும். நண்பரின் துப்பாக்கியை ஒருமுறை சுட்டுப் பார்த்து "பரவாயில்லையே" என்று நினைத்தவர், வேறு பெட்டித் தோட்டாவோடு களத்துக்குப் போகும்போதுதான் அதிர்ச்சியடைகிறார். கடுந்தோட்டாவைப் பழைய துப்பாக்கியில் போட்டுவிட்டால் பிரச்சினை உதைப்போடு நிற்காது, துப்பாக்கியே வெடிக்கலாம்.

கட்டைதான் பாதிக் குற்றவாளி

உதைக்கும் விசை குழலின் நேர்கோட்டில் வருகிறது. தோளில் பதியும் இடம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட ரைஃபிள் பின்னால் வருவதோடு மேலேயும் சுழலும். அந்தச் சுழற்சியில் கன்னம் பதியும் மேடு நேராகக் கன்ன எலும்பில் ஏறும். திறந்த குறிகாட்டிக்காகச் செய்த பழைய கட்டைகள் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருக்கும், ஏனெனில் கண் குழலுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். அதே கட்டையின் மேல் ஸ்கோப்பைப் பொருத்தினால் கண்ணை உயர்த்த வேண்டியிருக்கிறது, கன்னம் மேட்டிலிருந்து விலகிவிடுகிறது. சுடும்போது மேடு அந்த இடைவெளியில் வேகமெடுத்து வந்து அடிக்கிறது. இதற்குப் புதுக் கட்டை தேவையில்லை. ஒன்றிரண்டு செ.மீ. தடிமனுள்ள நுரைப்பட்டையைக் கன்ன மேட்டின் மேல் இறுக்கிக் கட்டி, கண்ணை மூடிக் கன்னத்தைப் பதித்து, பிறகு திறந்து பாருங்கள். தலையை நகர்த்தாமலே ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் உயரம் சரி.

அடுத்தது பின்முனை. ஒரே உதைப்பை அகலமான, மென்மையான பரப்பு வாங்கினால் ஒரு கதை, குறுகிய இரும்புத் தகடு வாங்கினால் இன்னொரு கதை. பழைய லீவர் ரைஃபிள்களின் பிறை வடிவ இரும்புத் தகட்டைத் தோளின் குழியில் பதித்தால் அதன் இரு முனைகளும் குத்தும். அது தோளுக்கு வெளியே, மேற்கையின் மேல் வைப்பதற்கென்று செய்த வடிவம். மோசின்-நாகன்ட் எம்44 கார்பைனில் முழு வலுத் தோட்டா, இரும்புத் தகடு, குட்டையான கட்டை மூன்றும் ஒன்றுசேர்கின்றன. லீ-என்ஃபீல்டு எண் 5 எனப்படும் ஜங்கிள் கார்பைனில் ரப்பர் பேட் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது கட்டையைவிடக் குறுகியது, இத்தனை ஆண்டுகளில் கல்லாகவும் ஆகியிருக்கும். இருந்தும் இல்லாததைவிட மோசம் என்பேன். எந்த ரப்பர் பேடையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மூன்று நான்கு மி.மீ.கூட உள்வாங்கவில்லை என்றால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது செத்த ரப்பர்.

புதுப் பேட் போடும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. விரலால் இழுக்கும் விசையின் (ட்ரிகர்) முன்பரப்பிலிருந்து பின்முனையின் நடுவரை உள்ள நீளம் வயது வந்தவர்களுக்கான ரைஃபிளில் பொதுவாக 34 முதல் 35 செ.மீ. இருக்கும். 25 மி.மீ. பேடை அப்படியே ஒட்டினால் நீளம் 37-ஐ நெருங்கிவிடும். தடித்த குளிர்கால மேலங்கி இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. சேர்க்கும். அப்போது பின்முனை தோள்குழிக்கு வராமல் மேற்கைத் தசையில் வழுக்கி நிற்கும். தழும்பு அங்கேதான் விழும். பேட் எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்குக் கட்டையை அறுத்த பிறகுதான் பொருத்த வேண்டும். நீளம் குறைவாக இருந்தாலும் ஆபத்துதான். பிடியைச் சுற்றியிருக்கும் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், விசைக்காப்பு வளையம் நடுவிரலின் கணுவைத் தட்டும். கடுமையாக உதைக்கும் ரைஃபிளில் கட்டைவிரலைப் பிடியின் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் வைப்பது இதற்காகத்தான்.

பின்முனையின் சாய்வை யாரும் பார்ப்பதில்லை. கீழ்க்கூர் நீட்டிக்கொண்டிருந்தால் மார்பில் குத்தும். பெண்களுக்கு இது அதிகம் உறுத்தும். பேடின் கீழ்முனையைச் சற்றே தேய்த்து உருட்டிவிட்டாலே போதும்.

ஸ்கோப்பும் பெஞ்சும்

ஸ்கோப்பின் பின்வளையத்துக்கும் கண்ணுக்கும் நடுவே குறைந்தது 9 செ.மீ. இருக்கட்டும். உருப்பெருக்கம் மாறும் ஸ்கோப்பில் இந்தத் தூரமும் மாறலாம் என்பதால், அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்தே ஸ்கோப்பின் இடத்தை முடிவுசெய்ய வேண்டும். நின்று பார்த்துச் சரியாக இருந்தது, படுத்துச் சுடும்போது புருவம் கிழிந்தது என்றால் வியப்பில்லை. படுக்கும்போதும் மேட்டை நோக்கிச் சுடும்போதும் தலை தானாக முன்னால் நகர்கிறது. வேட்டைக்களத்தில் எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையில் வைத்துப் பார்த்த பிறகே திருகுகளை இறுக்குங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து சுட்டால் எந்த ரைஃபிளும் கூடுதலாக அடிக்கும். நிற்கும்போது இடுப்பிலிருந்து உடம்பு பின்னால் சாய்ந்து உதைப்பை வாங்கிக்கொள்கிறது. மேசையில் குனிந்து உட்கார்ந்தால் அந்த அசைவு இல்லை, தோள் மட்டுமே தாங்குகிறது. மேசையையோ இருக்கையையோ மாற்றி உடம்பு நிமிர்ந்து இருக்குமாறு செய்யுங்கள், தோளுக்கும் பேடுக்கும் நடுவே சின்ன மணல்பை வையுங்கள். ஈயத்தை அடுக்கி ரைஃபிளை அசையவிடாமல் பிடிக்கும் தாங்கிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தோள் தப்பிக்கும், ஆனால் பின்னால் போக வழியில்லாத அடி முழுவதும் கட்டையிலும் ஸ்கோப் திருகுகளிலும் இறங்கும். மரக்கட்டை விரிவது பெரும்பாலும் ரிசீவரின், அதாவது குழல் பொருந்தியிருக்கும் உலோக உடற்பகுதியின், வால்பகுதிக்குப் பின்னால்தான். அங்கே உலோகத்துக்கும் மரத்துக்கும் நடுவே அரை மி.மீ. அளவு இடைவெளி இருக்க வேண்டும். வால் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு உதைப்பும் ஆப்பு அடிப்பது போலத்தான்.

உதைப்பால் குறி தவறுகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. குண்டு குழலை விட்டு வெளியேறும்வரை 3.4 கிலோ ரைஃபிள் பின்னால் நகர்வது ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. தோளில் அடி விழுவதாக நீங்கள் உணரும்போது குண்டு போய்விட்டது. குறியைக் கெடுப்பது அடி விழப்போகிறது என்ற பதற்றம், அதாவது விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடுவதும் தோள் முன்னால் தள்ளுவதும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, உடனிருப்பவர் உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுப்பதுதான். வெறும் 'க்ளிக்' சத்தம் வரும்போது குழல்முனை குனிந்தால் நோய் உறுதி. அதற்குச் சிகிச்சை, உதைப்பு மிகக் குறைந்த சிறிய .22 ரிம்ஃபயர் ரைஃபிளில் நிறையப் பயிற்சி; பெரிய ரைஃபிளில் ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். பாதிப் பதற்றம் சத்தத்தால் வருவது என்பதால் காதுச்செருகியும் காதுமூடியும் இரண்டும் சேர்த்துப் போடுங்கள்.

குறைக்கும் வழிகளில் முதலில் செய்ய வேண்டியது எடை கூட்டுவதும் தோட்டாவைத் தணிப்பதும். ஸ்கோப்பும் மவுண்டுமே அரைக் கிலோவுக்கு மேல் சேர்க்கும். பின்கட்டையின் உள்ளே 300, 400 கிராம் சேர்த்தால் சமநிலை சற்று மாறும், ஆனால் பலன் உடனே தெரியும். உதைப்பு குறைந்த தோட்டா என்று விற்கப்படும் வகையில் .308-இன் 28 ஜூல் 18-ஐ ஒட்டி இறங்கும். வீட்டில் தோட்டா நிரப்புபவர்கள் கையேட்டில் இல்லாத அளவுக்கு மருந்தைத் தாங்களாகக் குறைக்கக் கூடாது. மெதுவாக எரியும் மருந்தைக் கண்டபடி குறைத்தால் அழுத்தம் ஏடாகூடமாக எகிறக்கூடும்.

குழல்முனையில் பொருத்தி வாயுவைத் திருப்பிவிடும் துளையுள்ள மஸில் பிரேக் உதைப்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துவிடும். விலையைக் காது கொடுக்கும். ரைஃபிள் வெடிச்சத்தம் ஏற்கெனவே 160 டெசிபலை ஒட்டி இருக்கிறது, பிரேக் அதைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் திருப்புகிறது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பாதிப்பு அதிகம். துளை குழலோடு நேர்கோட்டில் இல்லாவிட்டால் குண்டே பிரேக்கில் உரசும். பொருத்தியதும் நேர்கம்பி விட்டுப் பார்க்காமல் சுட வேண்டாம். சட்டம் அனுமதிக்கும் இடங்களில் சைலன்சர் இதைவிட நல்ல தேர்வு. உதைப்பு, சத்தம் இரண்டுமே குறையும், எடையும் சேரும்.

கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், சுடும் பக்கத் தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இத்தகைய ரைஃபிளைத் தொட வேண்டாம்.

நேற்றுவரை பழகிய ரைஃபிள் இன்று திடீரென்று கூடுதலாக உதைத்தால் அதைத் தோளின் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போல்ட் (குழலின் பின்வாயை அடைக்கும் உருளை) திறக்க இறுகுகிறதா, தோட்டாக்கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிவிட்டதா, கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் துளையின் பளபளப்பான வட்டத்தடம் பித்தளையில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்தப் பெட்டித் தோட்டாவை ஒதுக்கிவிட்டு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். இதற்கு நேர்மாறான அறிகுறி இன்னும் கொடியது. சத்தம் அமுங்கி, உதைப்பே இல்லாமல் போனால் குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடம் காத்திருங்கள். பிறகு போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்து, போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து குழலின் உள்ளே பாருங்கள். மறுமுனையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியவில்லை என்றால் அன்றைய சுடுதல் அதோடு முடிந்தது.