மூச்சை அடக்கினா மூளை ஸ்கேன் ஏன் பளிச்சுனு ஆகுது?

மூளையில கோபத்துக்கு இந்த இடம், பாட்டுக்கு அந்த இடம்னு கலர் கலரா எஃப்எம்ஆர்ஐ படம் பாத்திருப்பீங்க, மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அங்க ரத்தம் கூடறதை வச்சு எடுக்கிற ஸ்கேன் அது. ஆனா ஸ்கேனருக்குள்ள படுத்திருக்கிறவர் சும்மா ஒரு 20 செகண்ட் மூச்சை அடக்கினாலே சிக்னல் ஏறிடும், அதுவும் ஏதோ ஒரு மூலையில இல்ல, கிட்டத்தட்ட மூளை முழுக்க.

ஆக்ஸிஜன் கொறையறதால தான்னு தோணும், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். ஆக்ஸிஜன் லேசா கொறஞ்சா மூளை ரத்தக்குழாய் பெருசா கண்டுக்கறதில்ல, அது பயப்படறது கார்பன் டை ஆக்ஸைடுக்கு. தமனி ரத்தத்துல அதோட அழுத்தம் சாதாரணமா 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவுல இருக்கும், அதுல 1 ஏறினாலே மூளைக்குப் போற ரத்தம் சுமார் 3, 4 சதவீதம் கூடிடும். மூச்சை விடாம வச்சிருந்தா அந்த வாயு சேர்ந்துகிட்டே போகுது, குழாயைச் சுத்தி இருக்கிற திரவத்துல அமிலத்தன்மை கொஞ்சம் ஏறுது, குழாய்ச் சுவர்ல இருக்கிற தசை தளர்ந்து வழி அகலமாகுது. வேகவேகமா மூச்சு விட்டா இதுக்கு நேர் தலைகீழ், குழாய் சுருங்கும், அதான் தலை கிர்ருனு சுத்துது.

சரி, மெஷினுக்கு இது எப்படித் தெரியுது? ஆக்ஸிஜனை எறக்கி விட்ட ஹீமோகுளோபின் லேசா காந்தத்தன்மை உள்ளதுனு 1936லயே பாலிங், கோரியெல்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சாங்க, அது பக்கத்துல இருந்தா ஸ்கேன் சிக்னல் மங்கும். இதை வச்சு மூளையைப் பாக்கலாம்னு 1990ல செய்ஜி ஒகாவாங்கற விஞ்ஞானி காட்டினார். ஆக்ஸிஜனோட புது ரத்தம் நெறைய வந்தா அந்த மங்கல் அடிச்சிட்டுப் போயிடும், சிக்னல் ஏறும். ரத்தம் வந்தது மூளை வேலை செஞ்சதாலயா மூச்சு மாறினதாலயானு மெஷினுக்குத் தெரியாது, பாவம்.

பயமுறுத்துற படம் காட்டினா ஆளு மூச்சைப் பிடிச்சுக்குவார் இல்லயா, அங்கதான் சிக்கல். அதனால நெஞ்சுல பெல்ட், மூக்குல குழாய்னு மாட்டி மூச்சையும் அளந்து அந்தப் பங்கைக் கழிக்கிறாங்க, ஆனா மூச்சு மாற்றமும் படமும் ஒரே நேரத்துல வந்தா நெஜமான சிக்னலும் சேர்ந்தே கழிஞ்சு போகும், இதுக்கு இன்னும் சுலபமான வழி இல்ல.

இதே தொல்லையை டாக்டர்கள் டெஸ்ட்டாவும் ஆக்கிட்டாங்க. கழுத்துத் தமனி அடைச்சிருந்தா அதுக்கு மேல இருக்கிற குழாய்ங்க ஏற்கனவே முழுசா விரிஞ்சு போய்த்தான் சமாளிச்சிட்டிருக்கும், மூச்சை அடக்கச் சொன்னா அதுக்கு மேல விரிய எடமில்ல, சில சமயம் நல்லா விரியற பக்கத்துக் குழாய் ரத்தத்தை இழுத்துக்கறதால மூளை முழுக்க சிக்னல் ஏறும்போது அந்த ஒரு பகுதியில மட்டும் எறங்கும்.