கேட்டில் ஊத வைத்தால் மட்டும் போதாது

"மிஷின் பீப் அடிச்சுது சார், அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டோம்." ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்தும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்தும் வரும் கோப்புகளில் இந்த வரி ஓயவே மாட்டேன் என்கிறது. இந்த வாரமும் ஒன்று. மிஷின் என்பது, குடித்திருக்கிறாரா என்று தொழிலாளரை ஊத வைத்துப் பார்க்கும் கருவி.

"30 தாண்டினால் டிஸ்மிஸ்" என்கிறார்கள். அந்த 30 வந்தது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவிலிருந்து. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால் தண்டனை. ரோட்டுக்கான சட்டம் அது. தோல் பதனிடும் டேனரியில் டிரம் பார்ப்பவருக்கும் தையல் லைனில் உட்காருபவருக்கும் பொருந்தாது. விமானப் பணியாளர்களுக்குத் தனி விதிகள் உண்டு. தனியார் ஆலைத் தொழிலாளர் எல்லோரையும் ஊத வைக்கச் சொல்லும் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. முதலாளிகளே, உங்களுக்கு அதிகாரம் வருவது நிலையாணையிலிருந்தும் (ஆலையின் பணி விதிகள்) பணி ஒப்பந்தத்திலிருந்தும்தான். போதையில் வருவது ஒழுங்கீனம், சோதனை இப்படி நடக்கும், மறுத்தால் இது நடவடிக்கை என்று அதில் எழுதியிருக்கிறதா? முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

வாசனை, தள்ளாட்டம், குழறல் மட்டும் போதாது என்று 1971-லேயே பச்சுபாய் கரியாணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது குற்ற வழக்கு, கம்பெனி நடத்தும் உள்விசாரணைக்கு அவ்வளவு கறாரான சான்று வேண்டாம். அதற்காக செக்யூரிட்டி எழுதிய ஒற்றை வரியை வைத்து ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைக்கலாமா?

கருவிக்கு வருவோம். மலிவான கருவியின் செமிகண்டக்டர் சென்சாருக்கு ஆல்கஹாலும், தின்னர் போன்றவற்றில் இருக்கும் அசிட்டோனும் ஒன்றுதான். பேஸ்டிங், பினிஷிங் பிரிவில் பசையும் தின்னரும் சுவாசித்தவரை அங்கேயே ஊதச் சொன்னால் எண் ஏறாமல் என்ன செய்யும்? ஆல்கஹாலை மின்வேதி முறையில் அளக்கும் ஃப்யூயல் செல் கருவி வாங்குங்கள். அதுவும் சானிடைசர் ஆவியில் ஏமாறும். காற்றோட்டமான இடத்தில் 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் உட்கார வைத்து, புது ஊதுகுழாய் மாட்டி, இரண்டு முறை ஊத வையுங்கள். இரண்டு அளவும், நேரமும், கருவியைக் கடைசியாக அளவு திருத்திய தேதியும் பதிவேட்டில் ஏற வேண்டும். சக தொழிலாளி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கஞ்சாவுக்குச் சிறுநீர் சோதனை செய்தால் இன்னும் கவனம். தொடர்ந்து புகைப்பவருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரும். வேலை நேரத்தில் போதையில் இருந்தார் என்று அது சொல்லாது. கோடின் கலந்த இருமல் சிரப், ஏன், குருமாவில் நிறைய அரைத்துப் போட்ட கசகசாகூட ஓபியம் வகைக்குப் பாசிட்டிவ் காட்டலாம். ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் முறையில் (பொருள்களைப் பிரித்து அடையாளம் காணும் சோதனை) உறுதி செய்யாமல் மெமோ அடிக்காதீர்கள். ரத்தம் எடுப்பதானால் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, மருத்துவமனையில் மட்டும். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால், அதிலும் ஆல்கஹால் இருப்பதால் அதுவே ஒரு எதிர்வாதம்.

போதையில் இருப்பவரிடம் பைக் சாவியைக் கொடுத்து "வீட்டுக்குப் போ" என்று அனுப்பாதீர்கள். வீட்டாரை வரவழையுங்கள், இல்லை கம்பெனி வண்டியில் கொண்டு விடுங்கள். பிறகு சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் கடிதம்), அவரது விளக்கம், உள்விசாரணை. விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும்.

வேலையில் விபத்து நடந்தால், "குடிச்சிருந்தான், நஷ்டஈடு கிடையாது" என்பதும் அரைகுறைதான். பழைய 1923 இழப்பீட்டுச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் போதையைக் காட்டி இழப்பீடு மறுக்கும் விலக்கு செல்லாது. மற்ற காயங்களிலும் போதைதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்று முதலாளி காட்ட வேண்டும்.

தொழிலாளர்களே, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாவது முறை ஊத வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவேட்டுப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விடவில்லை என்றால் நகல் கேட்டு அன்றைக்கே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.