கனடாவின் மாகாண நியமனத் திட்டம்: தேர்வது மாகாணம், வதிவிடம் தருவது ஒட்டாவா

கனடாவில் குடிவரவு, தலைநகர் ஒட்டாவாவில் இயங்கும் நடுவண் அரசுக்கு மட்டும் உரிய துறை அன்று. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, வேளாண்மையையும் குடிவரவையும் நடுவண் அரசும் மாகாணங்களும் பகிர்ந்துகொள்ளும் துறைகளாக வைத்திருக்கிறது. இருவர் இயற்றும் சட்டங்களும் முரண்பட்டால் நடுவண் சட்டமே செல்லும். புதிதாக வருவோரில் பெரும்பாலோர் டொரொன்டோ, வான்கூவர், மொன்ட்ரியல் ஆகிய மூன்று நகரங்களிலேயே தங்கிவிட, மானிட்டோபா மாகாணத் தலைநகர் வின்னிபெக்கின் ஆடைத் தொழிற்சாலைகள் தையல் தொழிலாளர் கிடைக்காமல் தவித்த காலத்தில், தனக்கு வேண்டியவர்களைத் தானே தேர்ந்து நிரந்தர வதிவிடத்திற்கு முன்மொழியும் நியமனத் திட்டத்தை அம்மாகாணம் 1998இல் தொடங்கியது. இன்று 9 மாகாணங்களிலும் 2 ஆட்புலங்களிலும் இத்திட்டம் நடைமுறையில் உள்ளது. 1991ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கைப்படி தன் பொருளாதாரக் குடிவரவாளர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் கியூபெக் இதில் சேராது.

எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை, மொழித்தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும், உள்ளூர் முதலாளியின் வேலை உறுதிக் கடிதம் கட்டாயமா என்பவற்றை மாகாணமே முடிவு செய்கிறது. தகுதி உடையவருக்கு அது தருவது நியமனச் சான்றிதழ் மட்டுமே. அது விசாவும் அன்று, நிரந்தர வதிவிடமும் அன்று. சான்றிதழைப் பெற்றவர் நடுவண் குடிவரவுத் துறைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலம், குற்றப் பின்னணி, பாதுகாப்பு ஆகியவற்றைச் சோதித்து இறுதி முடிவை எடுப்பது அந்தத் துறைதான்.

விண்ணப்பதாரர்களைப் புள்ளிகளால் வரிசைப்படுத்தி, சுற்றுச் சுற்றாக அழைப்பு விடுக்கும் நடுவண் அரசின் இணையவழி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் கிடைக்கும் நியமனத்திற்கு 600 புள்ளிகள் சேரும். சொந்தப் புள்ளி 430 மட்டுமே உள்ள ஒரு செவிலியர், தம் கணக்கில் வந்த நியமனத்தை 30 நாள்களுக்குள் ஏற்றுக்கொண்டால் 1,030 புள்ளிகளோடு நிற்பார். தகுந்த அடுத்த சுற்றில் அழைப்பு வருவது ஏறத்தாழ உறுதி. அழைப்பு வந்ததும் 60 நாள்களுக்குள் எல்லா ஆவணங்களோடும் விண்ணப்பித்தாக வேண்டும். காவல்துறைச் சான்றிதழுக்கே வாரக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால், அழைப்புக்குக் காத்திராமல் முன்கூட்டியே அவற்றைத் திரட்டத் தொடங்குவது நல்லது. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வெளியே நியமனம் பெறுவோர் இதைவிட நெடுங்காலம் காத்திருக்க நேரிடும்.

தற்காலிக வேலை அனுமதி வழங்குவதும் நடுவண் அரசின் கையில்தான் இருக்கிறது. ஆயினும் வேலை உறுதியோடு நியமனம் பெற்றவருக்கு மாகாணம் ஆதரவுக் கடிதம் அளித்தால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி நிறுவ வேண்டிய தொழிற்சந்தை மதிப்பீடு இல்லாமலே வேலை அனுமதி பெறலாம். ஆள் பற்றாக்குறையால் திணறும் சிற்றூர் முதியோர் இல்லங்களுக்கு இது பெரிய உதவி.

மாகாணம் ஆண்டுக்கு எத்தனை பேரை நியமிக்கலாம் என்ற எண்ணிக்கையையும் ஒட்டாவாவே வகுக்கிறது. நாடு முழுவதற்கும் 2024இல் 1,10,000 ஆக இருந்த இலக்கு 2025இல் 55,000 ஆகக் குறைக்கப்பட்டது. சில மாகாணங்கள் பின்னர் பேச்சு நடத்திக் கூடுதல் இடங்களைப் பெற்றன. தம் ஊரின் தேவையை மாகாணமே நன்கு அறியும் என்ற அடிப்படையில் எழுந்த திட்டத்தில், ஒரே ஆண்டில் பாதியைக் குறைத்தது நியாயமன்று என்பது என் கருத்து. அந்தச் சுமை ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டு, அனுமதி முடியும் நாளை எண்ணிக் காத்திருந்தவர்கள் தலையில்தான் விழுந்தது.

வேலை உறுதிக் கடிதத்தை விலை பேசும் முகவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. மானிட்டோபா, ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில் வேலை தேடித் தருவதற்காக வெளிநாட்டுத் தொழிலாளரிடம் கட்டணம் பெறுவது சட்டப்படி குற்றம். குடிவரவு ஆலோசனைக்குப் பணம் பெறும் உரிமை வழக்கறிஞர்கள், பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர்கள் போன்ற உரிமம் உள்ளோருக்கு மட்டுமே உண்டு; ஆலோசகரின் பெயர் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று எவரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நியமித்த மாகாணத்தில் குடியிருக்கும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைத்தபின் நாட்டின் எப்பகுதிக்கும் சென்று வாழ உரிமைகள் சாசனத்தின் 6ஆவது பிரிவு இடமளிக்கிறது என்றாலும், தொடக்கத்திலேயே வேறிடம் செல்லத் திட்டமிட்டு அதை மறைத்தது தெரியவந்தால் பொய்த் தகவல் அளித்ததாகக் கருதப்படும். இறுதி முடிவு வருவதற்கு முன் வேலை போய்விட்டாலோ முதலாளி மாறினாலோ உடனே மாகாண அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மாகாணம் நியமனத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால், அதை வைத்து ஒட்டாவாவுக்கு அனுப்பிய விண்ணப்பமும் நிராகரிக்கப்படும்.