பக்கத்து வீட்டுக்காரர் ஓடுகிறார் என்று நீங்களும் ஓட வேண்டாம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டால் மறுநாள் காலை 7.30 வரை அது நடக்கிறவர்கள் ராஜ்ஜியம். ஜனவரி பிறந்ததும் காந்தி சிலைப் பக்கம் புது ஷூ கூட்டம் நெரியும், பொங்கல் கழிந்தால் பல பேரைக் காணோம். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கென்னவோ, அவர்கள் எதற்காக நடக்க வந்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது.

டாக்டர் மிரட்டியதால் நடப்பவர், தொப்பையைப் பார்த்து வெட்கப்பட்டு நடப்பவர், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் நமக்குத்தானே நல்லது என்று தானே முடிவு செய்து நடப்பவர், நடப்பதே பிடித்துப்போய் நடப்பவர் என எல்லாரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள். ஆனால் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்களின் கோட்பாட்டின்படி இந்த உந்துதல்கள் வேறுவேறு ரகம். பயமும் வெட்கமும் ஆரம்பித்து வைக்கும், ஆனால் நெடுநாள் இழுத்துப் போவது கடைசி இரண்டும்தான். 1971இல் டெசி, மாணவர்களுக்குப் புதிர் விளையாட்டு கொடுத்து, சிலருக்கு மட்டும் காசும் கொடுத்துப் பார்த்தார். காசு நின்றதும் அவர்களுக்குப் புதிரில் இருந்த ஆர்வமும் குறைந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பரிசு காட்டி விளையாட அனுப்பும் பெற்றோர் கவனிக்க.

சரி, யாருக்கு எந்தப் பயிற்சி பிடிக்கும்? அங்கேதான் சுபாவம் வருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 132 பேரை வைத்து, 8 வாரம் சைக்கிள், தசைப் பயிற்சி என்று செய்யச்சொல்லி 2025இல் முடிவை வெளியிட்டார்கள். கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கு மூச்சு வாங்க வைக்கும் கடும் பயிற்சி பிடித்தது. எளிதில் பதற்றப்படுகிறவர்கள் யாரும் பார்க்காமல், நடுநடுவே நிறுத்திச் செய்வதையே விரும்பினார்கள், ஆனால் பயிற்சிக்குப் பிறகு மன அழுத்தம் நன்றாகக் குறைந்ததும் இவர்களுக்குத்தான். ஒழுங்குக்காரர்கள்தான் பாவம், உடம்பை நன்றாக வைத்திருக்கிறார்கள், அதற்காகப் பயிற்சியை அதிகம் ரசிப்பதாகத் தெரியவில்லை.

ஆக, கூட்டம் ஆகாதவருக்கு மொட்டை மாடியே போதும்.

அப்புறம் இந்த ‘21 நாளில் பழக்கமாகிவிடும்’ கதை. பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு லண்டனில் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது. தண்ணீர் குடிக்கிற பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை, அதனால் ஐப்பசி மழையில் நடை தடைபட்டால் மறுநாள் போனால் போதும்.